பனிச்சரிவில் உங்கள் அத்தை

தீபா, கார்த்தி, இதை நீங்கள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள். நான் பத்தாவதோடு நின்றவன், நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். அமெரிக்கா வந்து சான்டா கிளாராவில் மளிகைக் கடை வைத்த புதிதில் எனக்கு ஒரு விஷயம் விளங்கவே இல்லை. கடை வாசலுக்கு நேர் எதிரே நீலக்கோடு போட்ட பார்க்கிங் இடம் ஒன்று எப்போதும் காலியாகக் கிடக்கும். சனிக்கிழமைக் கூட்டத்தில் வண்டிகள் சுற்றிச் சுற்றி வரும், அதில் மட்டும் யாரும் நிறுத்த மாட்டார்கள். யாரோ பெரிய மனிதருக்கு ஒதுக்கிய இடம் என்று நினைத்தேன். நடக்க முடியாதவர்களுக்கு என்று பிறகு தெரிந்தது. நாள் முழுக்க வராத ஒருவருக்காக இவ்வளவு நல்ல இடத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்களே என்று தோன்றியது. அடுத்த நிமிஷம் உங்கள் சரசு அத்தை ஞாபகம் வந்தது. அவளை ஒரு தடவையாவது இங்கே கூட்டி வரவேண்டும் என்று அன்றுதான் நினைத்தேன்.

அத்தைக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போய்விட்டது. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறாள். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் தினமும் தானே போய்த் திறப்பாள், தானே பூட்டிக்கொண்டு வருவாள். ஆனால் படி என்று ஒன்று வந்துவிட்டால் நாங்கள் வந்துவிடுவோம். பேங்கில் படி, பஸ்ஸில் படி, கல்யாண மண்டபத்தில் சாப்பாடு மாடியில். நானும் உங்கள் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறுவோம். “எறக்கி விடுங்கடா, பொடவை கசங்குது” என்பாள். நாங்கள் சிரித்துக்கொண்டே ஏறுவோம். பாசமான தம்பிகள் என்று ஊரில் எங்களுக்கு நல்ல பெயர். அவளைக் கேட்டுவிட்டுத் தூக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கல்யாணத்துக்குப் போகிற நாளில் காலையிலிருந்தே அவள் தண்ணீர் குடிக்கமாட்டாள். ஏன் என்றும் நாங்கள் கேட்டதில்லை.

தீபா ஏழாவது படித்த வருஷம் டூரிஸ்ட் விசாவில் அத்தை வந்தாள். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த உங்கள் ஸ்கூல் போட்டோவை, தாஹோ மலையில் நீங்கள் பனியில் சறுக்குகிற போட்டோவை, இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்: “தம்பி, நானும் போலாமா?” “போலாங்க்கா, காருக்குள்ள உக்காந்தே நல்லாப் பாக்கலாம்” என்றேன். “காருக்குள்ள உக்காந்து பாக்கறதுக்குப் போட்டோவே போதுமே” என்றாள். நடக்க முடியாதவர்களுக்குப் பனிச்சறுக்கு கற்றுத்தர அங்கே தனியாக ஆட்கள் இருக்கிறார்கள் என்று தீபாதான் கம்ப்யூட்டரில் தேடிக் கண்டுபிடித்தாள். போன் பண்ணியது நான்.

அங்கேதான் தப்பு நடந்தது. போனில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். உங்கள் அக்கா தானாக எழுந்து இன்னொரு நாற்காலியில் மாறி உட்காருவாரா? கையில் பலம் உண்டா? நான் எல்லாவற்றுக்கும் “நோ, நோ, வி லிஃப்ட்” என்றேன். “ஷி கேன்னாட் டூ எனிதிங், மேடம்” என்று உருக்கமாக வேறு சொன்னேன். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லவேண்டும். ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது வழி நெடுக உங்கள் தாத்தா அத்தைக்குப் படித்துப் படித்துச் சொன்னார்: “டாக்டர் முன்னால கைய ஊனி எந்திரிச்சுப்போடாத சரசு. முடியலீங்கன்னு சொல்லு.” முடியும் என்று காட்டினால் பஸ் பாஸ் கிடையாது, ஊனமுற்றோருக்கு ஒதுக்குகிற டெலிபோன் பூத்தும் கிடையாது. குறையைப் பெரிதாகக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்று பழகியவன், இங்கேயும் அதே சாவியைப் போட்டேன்.

மலைக்குப் போனோம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கட்டடம் வரை பனியை வழித்துப் பாதை போட்டிருந்தார்கள். அத்தைக்காக இங்கே வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலி எங்கும் சிக்கவில்லை. கதவு தானாகத் திறந்தது. அத்தை புடவைக்கு மேல் என்னுடைய பேன்ட், அதற்கு மேல் உங்கள் அம்மாவின் கோட்டு, தலையில் குரங்குக் குல்லாய். கற்றுத்தர வந்தவள் மெகன் என்று ஒரு சின்னப் பெண். வந்ததும் அத்தைக்கு எதிரே பனியில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் தொட்டில் மாதிரி ஒரு சறுக்கு வண்டி தயாராக நின்றது. சுற்றிலும் மெத்தை, நாலைந்து வார், கையை உள்ளே வைத்துக் கட்டிக்கொள்ள ஒரு போர்வை. நான் போனில் சொன்ன அக்காவுக்கு அதுதான் சரியான வண்டி.

“இன்றைக்கு உங்களுக்கு என்ன செய்ய ஆசை?” என்று மெகன் ஆங்கிலத்தில் கேட்டாள். நான்தான் பதில் சொன்னேன். “ஜஸ்ட் ஒன் ரவுண்ட், ஸ்லோ.” அவள் தலையாட்டிவிட்டு மறுபடியும் அத்தையைப் பார்த்தே கேட்டாள், குளிர் தாங்குமா என்று. “நோ ப்ராப்ளம், ஷி இஸ் ஓகே” என்றேன். தீபா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, ஷி ஆஸ்க்ட் அத்தை. நாட் யூ.”

எனக்குச் சுருக்கென்றது. அத்தை அந்தத் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுல கைய என்ன பண்றது?” என்றாள். கையை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் போதும், மெகன் பிடித்து ஓட்டுவாள் என்று கார்த்தி விளக்கினான். அத்தை மெகனிடம் நேராகத் திரும்பினாள். பூத்தில் வடக்கத்தி லாரிக்காரர்களிடம் பேசிப் பழகிய இங்கிலீஷ். “மீ, வண்டி. ஹேண்ட்!” என்று இரண்டு கையையும் காற்றில் சுற்றிக் காட்டினாள். மெகன் முகம் மலர்ந்துவிட்டது. “ஹேண்ட் சைக்கிளா! ரேஸ் ஓட்டுவீர்களா?” இந்த ஊரில் அது பந்தயக்காரர்கள் ஓட்டுகிற வண்டியாம். அத்தைக்கு ரேஸ் என்றால் என்ன என்று கவலையில்லை. “எஸ், எஸ். டெய்லி. பஸ் ஸ்டாண்ட்!” என்றாள். கார்த்தி விழுந்து விழுந்து சிரித்தான்.

“காட்டுங்கள் பார்க்கலாம்” என்று மெகன் ஒரு பெஞ்சைத் தட்டினாள். பழக்கதோஷம், நான் ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்தேன். “டேய், கைய எடு. அந்தப் புள்ள பாக்குது” என்றாள் அத்தை. சக்கர நாற்காலியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, உடம்பை ஒரு எம்பு எம்பிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மெகன் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. “கையில் பலம் இல்லை என்று குறித்து வைத்திருக்கிறோமே” என்று மட்டும் சொன்னாள். வேறு வண்டி இருக்கிறது, தானே ஓட்டுவது, ஆனால் அதை எடுத்து இவருக்கு அளவு பார்த்து மாட்டப் பாதி நேரம் போய்விடும், ஒரே ஒரு தடவைதான் இறங்க முடியும், பரவாயில்லையா என்றாள்.

“எதுக்குக்கா அவங்களுக்குச் செரமம்? இதுலயே போயிட்டு வந்துரு” என்றேன்.

“தேர்ல வெச்ச சாமி மாதிரி இழுத்துட்டுப் போறதுக்கு நான் எதுக்குடா பிளேன் ஏறி வரோணும்? மாட்டச் சொல்லு.”

மாட்டினார்கள். கீழே சறுக்குப் பலகைகள் வைத்த இருக்கை. கைக்கு இரண்டு குட்டை ஊன்றுகோல், அவற்றின் நுனியிலும் குட்டிப் பலகை. பின்னால் ஒரு நீள வார், அது மெகன் கையில். சமதளத்தில் பழக்கும்போதே அத்தை பக்கவாட்டில் தொப்பென்று விழுந்தாள். நான் ஓடினேன், நானும் விழுந்தேன். எனக்குத்தான் இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கவேண்டியிருந்தது. “பாத்து வாடா, வழுக்குது” என்று பனியில் கிடந்தபடி அத்தை சொன்னாள். பிறகு மலைமேல் ஏற்றிக்கொண்டு ஓடுகிற நாற்காலி லிஃப்டை அவளுக்காக நிறுத்தினார்கள். வரிசையில் நின்ற ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அத்தையும் மெகனும் மேலே போனார்கள்.

நான் அடிவாரத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன், வந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று. மேலே ஒரு புள்ளி தெரிந்தது. இடது பக்கம் வளைந்தது, நின்றது, வலது பக்கம் வளைந்தது. பின்னால் மெகன் வந்தாள். வார் தொய்ந்து பனியில் புரண்டுகொண்டிருந்தது, அவள் இழுக்கவே இல்லை. அத்தை என்னை நோக்கித்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். விரித்த கை விரித்தபடி நான் திரும்பிப் பார்க்க, சரிவு முடிகிற வலைத் தடுப்புக்குப் பக்கத்தில் கோலை அழுத்தித் தானே நின்றாள். மூக்கெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர். “காத்துடா தம்பி, கண்ணத் தொறக்க முடியல” என்றாள். பிறகு மெதுவாக உங்கள் அம்மாவிடம் கேட்டாள், பாத்ரூமுக்குள் நாற்காலி போகுமா என்று. போகும், திரும்புவதற்கும் இடம் இருக்கிறது என்று அம்மா சொன்னதும் இரண்டு கப் ஹாட் சாக்லேட் வாங்கிக் குடித்தாள்.

இந்த நாட்டுக்காரர்கள் எல்லாம் தங்கமானவர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. சட்டம் போட்டு, வழக்குப் போட்டுத்தான் பாதி நடந்திருக்கிறது என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். அன்று மாலை மெகன் கை கொடுத்துவிட்டுப் போனவள்தான், அப்புறம் பேச்சில்லை. உடுமலையில் அத்தை வண்டியின் செயின் கழன்றால் டீக்கடையே எழுந்து வரும். திரும்பி வரும்போது காரில் கேட்டேன்: “இங்கயே இருந்துக்கறயாக்கா? எல்லாத்துக்கும் வழி இருக்குதே.” “வழி இருக்குது” என்றாள். “போறதுக்கு எடம்? பூத்தத் தொறந்தாத்தான் எனக்குப் பொழுது விடியும். அங்கத்த படியப் பத்தி யோசிடா.”

அவள் ஊருக்குப் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, திறப்பதற்கு முன்னால் கடையில் நான் மட்டும் இருந்தேன். இருந்த நாட்களில் அத்தை தினமும் கடைக்கு வந்தாள். ராணி மாதிரி கல்லாப் பக்கத்தில் உட்கார வைத்து, கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். உள்ளே சுற்றிப் பார்க்கிறாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் போயிருக்க முடியாது. அலமாரிகளுக்கு நடுவே வழி ஓரமெல்லாம் பொன்னி அரிசி மூட்டை. ஒவ்வொன்றாக இழுத்துப் பின்கட்டில் போட்டேன். பிறகு மூட்டை தள்ளுகிற தட்டு வண்டியில் காலை மடித்து உட்கார்ந்து, தரையில் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு வாசலிலிருந்து புறப்பட்டேன். ஊறுகாய் அலமாரி முனையில் சக்கரம் இடித்தது. எழுந்து அலமாரியை நகர்த்தினேன். மறுபடியும் வாசலுக்கு வந்து, உட்கார்ந்து, கையை ஊன்றினேன்.