யுகோஸ்லாவியாவும் என் மீசையும்

மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நம் கால்பந்துக்காரர்கள் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே நாலுக்கு ரெண்டு என்று அடித்துவிட்டார்கள். எங்கள் தென்கோடி ஜில்லா போராடிச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து மாதம் ஒன்றுதான் ஆகியிருந்தது; ஜெயிப்பது எங்களுக்கு ஏதோ பழகிப்போனது மாதிரி இருந்தது. அந்த மப்பில், எங்கள் புதுக்கடை ஊர்த் தையல்கடையில் நின்று வாயை விட்டேன்: "அரையிறுதியில யுகோஸ்லாவியாட்ட தோத்தா என் மீசைய எடுக்கேன்!"

தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார். "போன ஒலிம்பிக்குல அவன்கிட்ட பத்து கோல் வாங்கினது ஓர்மையில்லியா?"

எனக்கு ஓர்மையில்லை. கை மட்டும் தானாக மீசைக்குப் போனது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய இடி. எங்கள் குடும்பத்தில் தகப்பன் செத்தால்தான் மகன் மீசையை எடுப்பான். என் தகப்பனோ மரச்சீனிக் கிழங்கையும் சாளைமீன் கறியையும் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார். தும்மல்கூடக் கிடையாது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலே, என்னைக் கொல்லதுக்கு ஒனக்கு வேற நாடு கெடைக்கல்லியா?"

ஆட்டத்தன்று சாயங்காலம் வாசகசாலை ரேடியோ முன்னால் முண்டியடித்து நின்றேன். செய்தி வாசிக்கிறவருக்கு அவசரமே இல்லை. மந்திரிகள் பேசினார்கள், பேசினார்கள். யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போவதுபோல நான் மீசையைப் பொத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்தது: முதல் கோலைப் போட்டது இந்தியா. முறுக்கினேன். அடுத்த வாக்கியத்தில் நாலுக்கு ஒன்று, தோல்வி. முறுக்கிய கை அப்படியே நின்றது.

மறுநாள் சவரக்கடையில் மீசை போகும்போது, அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நான் கூட வரல்லேன்னா, நான் செத்துட்டேன்னு ஊரே துட்டி கேக்க வந்துரும்."

அப்படியும் சந்தையில் வாழைக்குலை விற்கிறவர் என் தோளைப் பிடித்தார். "அப்பா எப்போ மக்கா...?"

பின்னாலிருந்து அப்பா சொன்னார்: "நான் இருக்கேன் வே. போனது இந்தியா."

கூட்டம் கூடிவிட்டது. அதுவரை பந்தாட்டம் என்றாலே முகம் சுளிக்கிற மனுஷன், தான் பார்க்காத அந்த முதல் கோலை, கீழே கிடந்த ஒரு தென்னங்குரும்பையைக் காலால் தட்டிப் போட்டுக் காட்டினார். சனம் கைதட்டியது. அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தையல்கடையில் எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"மூணாம் எடத்துக்கு இன்னும் ஒரு ஆட்டம் கெடக்குல்லா?" என்று குரலை உயர்த்தினார். நான் பாய்ந்துபோய் வாயைப் பொத்துவதற்குள் சொல்லியும் விட்டார்: "தோத்தா என் மீசையும் போவும்! எனக்கென்ன வே, எங்க அப்பன் செத்து எத்தன காலமாச்சு!"