பூமாரி அக்காவின் சானிடைசர் மாவு

பூமாரி அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவள் கலக்கி வைத்த மாவைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. மும்பை தாராவியில் எங்கள் சந்தில் அவள் அவித்த இட்லிதான் சைக்கிளேறி மாட்டுங்கா வரை விற்கப் போகும்.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக எங்கள் சந்தின் இரண்டு முனையையும் மூங்கில் கட்டி அடைத்தார்கள். சைக்கிள்கள் சுவரில் சாய்ந்தன. கூலி வேலை நின்றுபோன வீடுகளில் அடுப்பு எரிவதே அபூர்வமாகிவிட்டது.

“விக்கத்தான் ஆளில்ல, அரிசி கெடக்குல்லா? காலையில தட்டோட வாங்க,” என்று அக்கா அறிவித்துவிட்டாள். மொத்தம் இருபத்தெட்டு வீடுகள். பன்னிரண்டு நாள் தடையில்லாமல் ஓடியது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் தொண்டர் ஒருவர் சானிடைசர் பாட்டிலைக் கொடுத்து, சமைப்பவர் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். அக்கா எதையும் அளவாகச் செய்கிறவள் இல்லை. அரை பாட்டிலைக் கையில் கவிழ்த்து, ஈரம் காயும் முன்பே மாவில் விட்டுக் கலக்கினாள். கையால் கலக்கினால்தான் மாவு பொங்கும் என்பது அவள் கட்சி. வீட்டில் இருந்த கடைசி உளுந்தும் அதில்தான் இருந்தது.

காலையில் மாவு அசையாமல் கிடந்தது. மூடியைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாசனை. வெளியே பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

“ஆவியில வெந்தா எல்லாம் போயிரும். ஊத்துட்டி,” என்றார் புருஷன் வெயிலுமுத்து.

“வாசனை போவும். பிள்ளைக்கு வயித்தால போச்சுன்னா நீங்க தூக்கிட்டு ஓடுவியளா?”

மாவு முழுவதையும் சாக்கடையில் கொட்டினாள். வாசலுக்கு வந்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். இனி தன் கையை யார் நம்புவார்கள் என்ற பயம் அவளுக்கு.

எதிர்வீட்டு ஷைஸ்தாதான் முதலில் சிரித்தாள். “அரே தீதி, கொரோனா வந்தா மனுஷனுக்குத்தான் சானிடைசர். மாவுக்கு எதுக்கு?” சந்தே சிரித்தது. ஷைஸ்தா ஒரு டப்பா துவரம்பருப்பு கொண்டுவந்தாள். மற்ற வீடுகளிலிருந்தும் பிடிபிடியாகப் பருப்பு வந்தது. அன்று எல்லோருக்கும் அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்த கிச்சடி. இட்லிக்கு வைத்த சாம்பாரையே அதன்மேல் ஊற்றிக்கொண்டோம்.

இரண்டு நாளில் தொண்டர் உளுந்து கொண்டுவந்தார். அக்கா தெருக்குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்க்க, பிள்ளைகள் சத்தமாக இருபது வரை எண்ணினார்கள். மறுநாள் காலை மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது. முதல் ஈடு எடுக்கும்போது திரும்பிப் பார்த்தால், வரிசையில் முதல் ஆளாக ஷைஸ்தா தன் மகளின் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.