ஸ்லைடு அறையும் ஆவுடையப்பன் அண்ணாச்சியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. படித்தவர்கள் வாசித்தால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். ஆனால் ஊருக்குள் இந்தச் சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லுகிறார்கள். அங்கே நின்றவன் நான். அதனால் அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

தென்காசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றுத் துறையில் நான் அட்டெண்டராக இருந்தேன். கோயில் சிற்பம், சுவர் ஓவியம் பற்றிப் படிக்கிற துறை. அறை திறப்பது, தூசி தட்டுவது, வகுப்புக்கு புரொஜக்டர் வைத்துப் படம் ஓட்டுவது என் வேலை. துறையின் போட்டோகிராபர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. அவர் எடுத்த ஸ்லைடுகள், அதாவது சட்டம் போட்ட சின்னப் பிலிம் துண்டுகள், ஓர் அறை நிறைய இருக்கும். சாரல் காலத்து ஈரத்துக்கு ஸ்லைடில் பூஞ்சை பிடித்துவிடும். அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு, சளி பிடித்த பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார்.

அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறியது, பேச்சு வரவில்லை. விடாமல் பயிற்சி கொடுத்தால் பேச்சு வரும், விட்டுவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னார். பயிற்சி கொடுக்க வருகிற பெண், "அம்மா சொல்லுங்க, ஆடு சொல்லுங்க" என்பாள். அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை காசி விஸ்வநாதர் கோயிலில் அவர் சம்சாரம் சண்முகத்தாய் மதினியைப் பார்த்தேன்.

"கோவம் வந்தாக்கூட வாயத் தெறக்க மாட்டேங்காவ தம்பி. முன்னயெல்லாம் கொழம்புல உப்பு கொறஞ்சா ஆடித் தீத்திருவாவ. நேத்து உப்பே போடாம வச்சுப் பாத்தேன். பேசாமச் சாப்டுட்டு எந்திரிச்சுட்டாவ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் நிறைந்துவிட்டது.

"ஒருநா டிப்பார்ட்மெண்டுக்குக் கூட்டிட்டு வாங்க மதினி. அங்கன அவுக ராஜ்யம்லா" என்றேன்.

துறைத் தலைவர் மேடம் உடனே சம்மதித்தார். "பழைய புரொஜக்டர் ஓடுதான்னு மட்டும் பாத்து வைங்க" என்றார். ஸ்லைடெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதால் அது மூலையில் கிடந்தது.

அண்ணாச்சி மதினியோடு வந்து, மேடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. குற்றாலம் சித்திர சபைச் சுவர் ஓவியத்தில் அவர் எடுத்த அம்மன் ஸ்லைடை எடுத்தேன். "தாயே, ஒரு வார்த்தை" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு செருகினேன்.

ஸ்லைடைத் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் படம் நேராக விழும். எனக்கு அது தெரியும். ஆனால் சாமியைத் தலைகீழாகப் பிடிக்க என் கை வராது. இதற்காக எத்தனையோ வகுப்பில் அண்ணாச்சியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அன்றும் கை அதன் போக்கில் செய்துவிட்டது. விளக்கை அணைத்தேன். திரையில் அம்மன் தலைகீழாக நின்றாள்.

நாற்காலி கிறீச்சிட்டது.

"ஏ... ஏலே..."

அண்ணாச்சி எழுந்து திரையைக் கைகாட்டினார்.

"த... தலகீ... மூதி! மாத்துலே!"

மதினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தன மாசம் கஞ்சி காய்ச்சி ஊட்டுனவ நானு. மொதப் பேச்சு தம்பிக்காக்கும்?" என்றார். அண்ணாச்சியின் கோணிய வாயில் சிரிப்பு வந்தது. அடுத்த ஸ்லைடையும் தப்பாகச் செருகினேன். "அறி... அறிவு..." என்று ஆரம்பித்தார். இன்னும் பேசட்டும் என்று மேடம் விளக்கைப் போடவே விடவில்லை.

அதன்பின் வாரம் ஒருநாள் வந்தார். பயிற்சிப் பெண்ணும் அங்கேயே வந்து, திரையில் தெரிகிற கிளியையும் சங்கையும் யானையையும் சொல்ல வைத்தாள். இன்றும் அவர் பேச்சு பாதியில் நிற்கும். ஆனாலும் கடைக்குப் போய் வெற்றிலை கேட்டு வாங்குகிறார். சண்முகம் என்று மதினியைக் கூப்பிடுகிறார்.

நோயாளி என்று நாங்கள் எல்லோரும் அவரிடம் பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசியிருக்கிறோம். அவர் வேலை அவர் கண் முன்னால் கெட்டபோதுதான் எழுந்தார். கூட வேலை பார்த்தவர் படுத்துவிட்டால், பார்க்கப் போகும்போது ஆரஞ்சுப் பழத்தோடு அவர் வேலையிலும் கொஞ்சம் கொண்டுபோங்கள்.

மேடம் இதற்கு மூளை சம்பந்தமாக ஒரு காரணம் சொன்னார். சரியாகத்தான் இருக்கும். நான் வெள்ளிதோறும் அம்மனுக்கு விளக்குப் போடுகிறேன். அதுவும் சரிதான். நீங்கள் யாருக்குச் சொன்னாலும் இதை இப்படியே சொல்லுங்கள். அற்புதம் எதையும் கூட்ட வேண்டாம். அண்ணாச்சி என்னை ஏசியதை, மரியாதை கருதி, விட்டுவிடவும் வேண்டாம்.