நிலையை அறுத்துச் செய்த வாங்கு

வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு அடைமழை பெய்து, அடுப்புகளெல்லாம் நனைந்து, சனம் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்ற வருசம் ஒன்று இருக்கிறதல்லவா? அது எத்தனையாம் ஆண்டு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாத எனக்கு வருசங்கள் இலக்கமாக நினைவில் நிற்பதில்லை, மழையாகவும் வெயிலாகவும்தான் நிற்கின்றன. அந்தப் பொங்கலுக்கு நானும் மனைவியும் போய், அவளுடைய தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கி, மூன்றாம் நாள் நனைந்துகொண்டே திரும்பி வந்தோம். எங்கள் முற்றத்து வேப்பமரத்தடியில் ஒரு வாங்கு கிடந்தது. மூன்று பேர் நெருங்கிக் குந்தலாம், முதுகு சாய்க்கச் சட்டமும் உண்டு. நாங்கள் புறப்பட்டபோது அது வாங்காக இருக்கவில்லை. என் பழைய வீட்டின் வாசல் நிலையாக, அதே வேம்பில் சாய்ந்து நின்றது.

செய்தவர் என் சம்பந்தி, மகளின் மாமனார். மாட்டையும் வீட்டையும் பார்க்க ஆள் வேண்டுமென்று நான்தான் அவரைக் கண்டாவளையிலிருந்து கூப்பிட்டு விட்டிருந்தேன். என் புத்தியைத்தான் நான் நோக வேண்டும். ஏனென்றால் அந்த மனிதரின் கை எப்படிப்பட்டதென்று எனக்கு முன்பே தெரியும். அவர் வீட்டில் கடையில் வாங்கிய தளபாடம் ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசை பழைய கக்கூசுக் கதவு. கழுவித் தேய்த்துப் பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் கொண்டியைக் கழற்றவில்லை. சோற்றுக்குக் குனிகிறவன் வயிற்றில் அது குத்தும். என் மனைவிக்கு அது என்ன கதவென்று தெரிந்த நாளிலிருந்து அங்கே அவளுக்குப் பசி வந்ததில்லை. பேரப்பிள்ளைகளின் புத்தக அலுமாரி ஒரு யன்னல், கம்பியோடு. ஒரு கொப்பி எடுப்பதற்குள் கை கம்பிக்குள் மாட்டி, நான் ஒருமுறை அரை மணி நேரம் மறியலில் கிடக்கிற கைதி மாதிரி நின்றேன். கேட்டால் சிரிப்பார். "எங்க லயத்துல கதவு ஒடஞ்சா அது பலகைங்க சம்பந்தி. பலகையும் ஒடஞ்சாத்தான் வெறகு. எதையும் வீசிப் பழகல" என்பார். தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில் பிறந்தவர். கலவரத்தில் அடிபட்டு, தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கியவர்.

என்னுடைய நிலையின் கதையையும் சொல்ல வேண்டும். முதிரை மரம். அந்தக் காலத்தில் அதை நிறுத்திய நாளில் ஐயரைக் கூப்பிட்டு, மஞ்சள் பூசி, மேற்கட்டையில் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்துக் கும்பிட்டோம். மாவிலைத் தோரணம் கட்ட மேற்கட்டையில் மூன்று ஆணி நானே அடித்தேன். நடு ஆணி வளைந்துபோனது. பிடுங்கினால் மரம் பிளக்கும் என்று அப்படியே விட்டேன். பிறகு சண்டை நெருங்கி ஊரே ஓடியபோது, அரிசியை ஏற்றுவோமா பாயை ஏற்றுவோமா என்று மற்றவர்கள் அடிபட, நான் நிலையைக் கழற்றிக் கிணற்றடியில் குழி வெட்டித் தாட்டுக்கொண்டிருந்தேன். மனைவி தலையிலடித்துக்கொண்டாள். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் எருக்கலை நின்றது. கிணற்றடியைக் கிண்டினேன். நிலை கிடந்தது! பக்கக் கால்கள் இரண்டிலும் அடிப்பக்கம் ஒரு சாண் கறையான் தின்றிருந்தது, அவ்வளவுதான். வீட்டுத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த புது வீட்டுக்கு அது உயரம் கூடிப்போனது. வீட்டைப் பெருப்பிக்கும்போது வைக்கிறேன் என்று மனைவியிடம் வருசா வருசம் சொல்லிக்கொண்டேயிருந்தேன். அதுவும் வருசா வருசம் வேம்பில் சாய்ந்து நின்றது.

அதைத்தான் அவர் அறுத்துவிட்டிருந்தார். கீழ்ப்படி மட்டும் முழுசாக மரத்தடியில் கிடந்தது.

"என்ன சம்பந்தி இது?" என்றேன்.

"வாங்க, ஒக்காந்து பாருங்க. சும்மா கெடந்து கறையான் திங்குதுங்களே. சம்பந்தியம்மாவால கீழ ஒக்காந்து எந்திரிக்க முடியல, மொழங்கால் நோவுது. அதான் அவங்களுக்குத் தோதா ஒசரம் பாத்துச் செஞ்சேன். ஒரு கால் மட்டும் கொஞ்சம் ஆடுது. நாளைக்கு ஒரு சின்னக் கட்டை வச்சிட்டாச் சரியாயிரும்."

சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பெண் கொடுத்தவன் சம்பந்தியிடம் வாய் காட்டக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோனது. "ஆரைக் கேட்டு அறுத்தனீங்கள்? பொட்டு வைச்சுக் கும்பிட்ட நிலையிலை சனம் குண்டி வைச்சு இருக்கிறதோ? லயத்திலை கிடந்த ஆக்களுக்கு வீட்டு நிலையின்ரை அருமை எங்கை தெரியப்போகுது!"

மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். சொன்னது சொன்னதுதான்.

அவர் "சரிங்க சம்பந்தி" என்றார். நிலையை அறுத்த கைவாளைத் துடைத்துச் சாக்கில் சுற்றினார். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயிற்று என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அந்த மழைக்குள் பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் வாங்கைத் தூக்கிப்போய் மாட்டுக்கொட்டிலில் முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டப் போட்டு, அதன்மேல் வயலுக்குப் போடும் பசளை மூட்டைகளை அடுக்கினேன். "ஒருக்கா வடிவாத் திருப்பிப் பாருங்கோவன்" என்று மனைவி இரண்டு மூன்று தரம் சொன்னாள். பார்க்க என்ன இருக்கிறது என்று கத்தினேன். அவளும் விட்டுவிட்டாள். சம்பந்தி அதன்பிறகு எங்கள் படலை தாண்டவில்லை. நான் மகளுக்குப் போன் எடுத்தால் மரியாதையாக, "இருங்க, பிள்ளகிட்டக் குடுக்கிறேன்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. மகள் ஒருநாள் போனில் அழுதாள். "மாமா இஞ்ச ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை அப்பா. உங்கட வீட்டுக் கதை வந்தா எழும்பி வயலுக்குப் போயிடுவார். அம்மாட்டை நோண்டிக் கேட்டுத்தான் எனக்கே தெரியும். அந்தச் சொல்லை எப்பிடியப்பா சொன்னனீங்கள்?" அவர் வீட்டில் என் பெயரைக் கெடுத்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அதுகூடச் செய்யவில்லை அந்த மனிதர்.

இந்தப் பங்குனியில் கொட்டிலுக்குக் கூரை மாற்ற, எல்லாவற்றையும் வெளியே இழுத்தோம். வாங்கும் வந்தது. தூசி தட்டலாமென்று முதுகுச் சட்டத்தின் பின்பக்கம் துணியைப் போட்டேன். துணி எதிலோ கொளுவியது. பார்த்தால் மூன்று ஆணி. நடு ஆணி வளைந்தது.

வாங்கைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டு வைத்த மேற்கட்டையை அவர் முதுகுச் சட்டத்தின் உச்சியில் பூட்டியிருக்கிறார், ஆரும் அதன்மேல் இருக்க முடியாதபடி. இருக்கையாகப் போட்டது பக்கக் கால்கள் இரண்டையும்தான், அதுவும் கறையான் தின்றதை மட்டும் வெட்டிக் கழித்துவிட்டு. ஆணி ஒன்றையும் பிடுங்கவில்லை. இருக்கிறவர்களின் முதுகில் குத்தாமல் ஆணிப் பக்கத்தைப் பின்னுக்குத் திருப்பியிருக்கிறார். தோரணம் கட்டினால் இப்போதும் கட்டலாம்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள் மனைவி. "நீங்கள் எங்க கேட்டனீங்கள்?" என்று சொல்லிக்கொண்டே மெல்ல அதில் இருந்தாள். அவளுடைய பாதங்கள் தரையில் சரியாகப் பதிந்தன. கையூன்றாமல் எழும்பினாள். பிறகு இன்னொருதரம் இருந்தாள்.

எனக்கு அவர் மேல் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அறுத்திருக்கலாம். கக்கூசுக் கதவில் சோறு போடுவதையும் நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் நிலையின் அருமை தெரியாமல் நின்றது அவரல்ல. மகளிடம் சொல்லி அனுப்பலாமென்றால், "நீங்கள் சொன்னதை நீங்கள்தான் திருப்பி எடுக்கோணும்" என்கிறாள். கண்டாவளைக்குப் போய்ப் படலையடியில் நின்றுவிட்டு இரண்டு தரம் திரும்பி வந்தேன். கால் உள்ளே போகவில்லை.

ஆகையால் இதைக் கேட்கிறவர்கள் ஆராவது கண்டாவளைப் பக்கம் போனால், யன்னலில் புத்தகம் அடுக்கியிருக்கும் வீடு எது என்று விசாரியுங்கள், காட்டுவார்கள். மேசையில் கொண்டி குத்தும், கவனமாக இருங்கள். அவரிடம் சொல்லுங்கள்: நான் சொன்னது பிழை. சம்பந்தியம்மா இப்போது ஒவ்வொரு நாளும் அந்த வாங்கில்தான் இருக்கிறா. ஒரு கால் இன்னும் ஆடுகிறது. கைவாளைக் கொண்டு வரட்டும். கட்டைக்கு மரம் தேட வேண்டாம், நிலையின் கீழ்ப்படி இருக்கிறது, அதில் அறுக்கலாம். மற்றப் பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன்.