எமில் ராப் திருத்திய பதக்க வரிசை

எமில் ராப் ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருந்ததில்லை. தட்டைப் பாதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஜெர்மனியில் எங்கள் எஸ்லிங்கன் ஊர் நிலப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் அடுத்தவன் வீட்டுக்கு எல்லை எழுதி ஓய்வு பெற்ற இந்த மனிதர், வீட்டுக்குள் மட்டும் பிரஷ்ய ராஜாவின் செங்கழுகு விருதுக்கும் வூர்ட்டம்பெர்க் ராஜாவின் சிலுவைப் பதக்கத்துக்கும் எஜமான். எவனோ குண்டடிபட்டு வாங்கியதை இவர் சந்தையில் வாங்கி, வெல்வெட் விரித்த இழுப்பறையில் வைத்து, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார். கை வியர்த்தால் எனாமல் மங்கிவிடுமாம். அந்தப் பொன்னான கை ஒரு நாளும் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கியதில்லை. நாலு மாடியும் அவர் மனைவி லோரேதான் சுமந்தாள்.

நான் பெர்ட்டா. ஒருவர் வாங்கிய பதக்கங்களையெல்லாம் ஒரே பட்டையில் வரிசையாகத் தைத்து மார்பில் குத்திக்கொள்வார்கள். அதன் ரிப்பன் நைந்துபோனால் சேகரிக்கிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள். அதனால் அந்தக் கூட்டத்தின் யோக்கியதை எனக்கு நன்றாகத் தெரியும். செத்தவன் பெயர் கேட்டால் முழிப்பார்கள், பதக்கத்தின் பின்பக்க முத்திரை மட்டும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருடம் எங்கள் ஊர்ச் சேகரிப்பாளர் சங்கம் நகர மண்டபத்தில் கண்காட்சி வைத்தது. அன்றே சங்கத்தின் தலைமைப் பரிசோதகரைத் தேர்ந்தெடுப்பதாகவும் ஏற்பாடு. எது அசல், எது போலி என்று தீர்ப்புச் சொல்லும் பதவி அது. அதற்காக ராப் பதினெட்டு வருடம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தார்.

கண்காட்சிக்கு வால்புர்கா கீன்ஸ்லே என்ற அம்மா தன் அப்பாவின் பதக்கப் பட்டையை இரவல் கொடுத்திருந்தார். வயது எழுபதைத் தாண்டியவர். அந்தப் பட்டையோடு ராப் என் கடைக்குள் நுழைந்தார்.

"பெர்ட்டாம்மா, இந்த அநியாயத்தைப் பாருங்க! உயிர் காப்பாத்துனதுக்குக் குடுத்த வெள்ளிப் பதக்கம் முதல்ல இருக்கு. போர்ல வாங்கின இரும்புச் சிலுவை கடைசில கெடக்கு. பதக்கம் குத்துற விதிப்படி சிலுவைதான் முதல்ல வரணும். பிரிச்சுத் தைங்க."

"அந்தம்மாகிட்ட கேட்டீங்களா?"

"அவங்களுக்கு என்ன தெரியும்? காலமெல்லாம் நூல் மில்லுல வேலை பாத்தவங்க. பரிசோதகர் ஆகப்போற நானே தப்பான பட்டையைக் கொண்டுபோய் வெச்சா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

மனசு ஒப்பவில்லை. ஆனாலும் பிரித்தேன். ஐம்பது வருடத் தையல், கத்தரிக்கோல் பட்டதும் பொலபொலவென்று விட்டுப்போனது.

கண்காட்சிக்கு வால்புர்கா அம்மா நல்ல கறுப்பு உடுப்பில் வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே அப்பாவின் பெயரைப் படித்துச் சிரித்தார். பிறகு பெட்டிக்குள் பார்த்தார்.

"இது எங்கப்பாவோடது இல்லீங்களே."

"அதேதாம்மா. தப்பா இருந்துச்சு, நான் திருத்தினேன்" என்றார் ராப், பெருமையாக.

அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்தார். மீசை வைத்த ஆள். மார்பில் அதே பட்டை, வெள்ளிப் பதக்கம் முதலில்.

"தப்பு இல்லீங்க. பிப்ரவரி மாசம், நெக்கார் ஆத்துல பனி உடைஞ்சு தோல் பதனிடறவரோட பொண்ணு உள்ள போயிடுச்சு. எங்கப்பாதான் குதிச்சுத் தூக்கினாரு. 'மத்ததெல்லாம் வரிசைல நின்னவனுக்கெல்லாம் குடுத்தாங்க, இதுக்குத்தான் நானாக் குதிச்சேன்'னு சொல்லி, அவரே இப்படித் தைக்கச் சொன்னாரு."

ராப்பின் முகம் வெளுத்துவிட்டது. போட்டுக்கொண்டவனின் படத்தோடு கிடைக்கிற அசல் பட்டைக்காக இந்தக் கூட்டம் தவம் கிடக்கும். அதைத்தான் அவர் பிரிக்கச் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு நிமிடம் நம்பினேன், பைத்தியக்காரி.

"அப்படின்னா, உங்கப்பாவுக்கே போட்டுக்கத் தெரியல" என்றார் ராப்.

சுற்றி நின்றவர்களில் எவனாவது அவர் வாயை அடைப்பானா என்று பார்த்தேன். "விதின்னா விதிதானே" என்றார் சங்கத் தலைவர், வாயில் சாசேஜோடு. அரை மணி நேரத்தில் ராப் ஒருமனதாகத் தேர்வானார். கைதட்டல் வேறு. தூ!

வால்புர்கா அம்மா பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பட்டையை எடுத்துக்கொண்டார்.

"யாரு பிரிச்சது?"

"நான்தாம்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்களே தைங்க. முன்ன இருந்த மாதிரி."

அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தைத்தேன். பாதித் தையலில் புதுப் பரிசோதகர் ஒரு தாளோடு வந்து நின்றார்.

"திரும்பப் பழையபடி தைச்சது என் சம்மதம் இல்லாம நடந்துதுன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடுங்க. நாளைக்கு என் பேரு கெட்டுடக் கூடாது பாருங்க."

வால்புர்கா அம்மா அந்தத் தாளைத் தொடவே இல்லை.

"நீங்க யாரையாவது தண்ணியிலேருந்து தூக்கியிருக்கீங்களா, சார்?"

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா" என்றார் ராப்.

"எங்கப்பாவுக்கும் தெரியாது" என்றார் அந்த அம்மா.