பிடிங்க, அசையாதீங்க, விடுங்க

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், படிக்கட்டு முடிந்து இடது கைப்பக்கம் திரும்பினால் எக்ஸ்ரே அறை. அங்கே பத்தொன்பது வருடமாக ஒருவர், ஊராருடைய மூச்சைப் பிடித்து வைக்கச் சொல்லி, பிறகு பெரிய மனது பண்ணி விடச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அவருக்கு மூச்சுக்காரர் என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர் தொழிலுக்கு வேண்டிய மந்திரம் நான்கே சொற்கள். "இழுங்க… பிடிங்க… அசையாதீங்க… விடுங்க." ஈயம் கலந்த கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை மைக்கில் சொல்வார். வாய்க்கு அது பழகிப்போய், மனதில் கொஞ்சம் படபடப்பு வந்தாலே தன்னால் முணுமுணுக்கும். தூக்கத்தில் அவர் "இழுங்க" என்றால் மனைவி போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். "பிடிங்க" என்றால் பிடித்துக்கொள்வாள். "விடுங்க"வுக்கு மட்டும் அவள் கட்டுப்பட்டதில்லை.

மூச்சுக்காரருக்கு வாழ்க்கையில் இரண்டு பொறுப்புகள். ஒன்று குடும்பம், மற்றொன்று தேசியக் கால்பந்து அணி. குடும்பம் அவரை அவ்வளவாகச் சோதித்ததில்லை. அணியோ, பெரிய போட்டிக்குத் தேர்வாவதே பல வருடத்துக்கு ஒருமுறை; தேர்வாகிப் போனாலும், பெட்டியைத் திறக்காமலே திரும்பி வரும் மாப்பிள்ளை போல வந்துவிடும். இந்தத் தடவை முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கியது. இரண்டாவதில் மூன்று. பதிலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, அவ்வளவு பெருந்தன்மை.

இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் மனைவி தொண்டையைச் செருமினாள்.

"என்னங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவமெல்லாம் இவனுங்களுக்கே செலவாயிருச்சு. சொல்லு."

"ஏழு கோலும் நீங்க முணுமுணுத்த பிறகுதான் விழுந்துச்சு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன் சிரித்தார். "அப்படிப் போடு! பயிற்சியாளரை மாத்த வேண்டாம், மாப்பிள்ளைய மாத்தினா போதும்."

"நான் சும்மா சொல்லல அண்ணே. இவர் 'அசையாதீங்க'ன்னாரு, நம்மாளுங்க நின்னுட்டாங்க. 'விடுங்க'ன்னாரு, கோல்கீப்பர் விட்டுட்டான். வேணும்னா திரும்பப் போட்டுப் பாருங்க."

திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது கோலின்போது எதிரணிக்காரன் பந்தோடு வருகிறான்; நம் தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேரும் நிற்கிறார்கள். வெறுமனே நிற்கவில்லை. தாடையைத் தூக்கி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, தோளை முன்னால் வளைத்து நிற்கிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரேக்கு மூச்சுக்காரர் நிற்க வைப்பது அப்படித்தான். அச்சு அசலாக அப்படியே. கோல்கீப்பர் கைக்குள் வந்துவிட்ட பந்தை, விரல்களை விரித்து, மெதுவாகக் கீழே விட்டான். விட்டுவிட்டு நேராகக் கேமராவைப் பார்த்தான். 'சொன்னபடி செஞ்சிட்டேன், சட்டையைப் போட்டுக்கலாமா?' என்று கேட்கும் பார்வை.

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். "மாப்ள, மூணாவது ஆட்டத்துல வாயத் திறந்துறாதீங்க."

மூன்றாவது ஆட்டத்தில் வெல்லக்கூட வேண்டாம். மற்ற அணிகள் போட்டுக் குழப்பியதில், கோல் வாங்காமல் சமன் செய்தாலே மூன்றாம் இடத்தில் தொற்றிக்கொண்டு அடுத்த சுற்று. மூச்சுக்காரர் முந்தின நாளே வாய் விரதம் தொடங்கினார். ஆனால் ஆட்டம் பிற்பகலில். அவருக்கு அன்று வேலை.

அணியின் சட்டையை மாட்டி, அதன்மேல் ஈய அங்கியைக் கட்டிக்கொண்டு போனார். காத்திருப்புக் கூடத்தில், 'அமைதி காக்கவும்' பலகைக்கு மேலே டிவி. கை உடைந்தவர், முட்டி வீங்கியவர், பெயர் எழுதும் சிஸ்டர், எல்லாரும் வலியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அதுவரை வந்தவர்கள் நல்லவேளையாகக் கை கால் கேஸ். அவற்றுக்கு மூச்சு வேண்டாம்.

அப்போது வந்தார் ஓய்வுபெற்ற தபால்காரர். மூன்று வார இருமல். நெஞ்சுப் படம்.

மூச்சுக்காரர் அவரைப் பலகையோடு ஒட்டி நிறுத்தி, கண்ணாடிக்குப் பின்னால் போய், தன் கன்னத்தை உப்பிக் காட்டிச் சைகை செய்தார்.

"என்ன தம்பி, பல்வலியா?" என்று திரும்பினார் தபால்காரர். படம் கலங்கிப்போனது. மாடியிலிருந்து டாக்டர் போனில் கத்தினார். "இது நெஞ்சா, மேகமா? வாயைத் திறந்து சொல்லி எடுங்கய்யா!"

இருமுகிற மனிதரை இன்னொரு தடவை வீணாகக் கதிரில் நிறுத்துவதா? மூச்சுக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் கூட இருக்காது; அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது? மைக்கை அழுத்தினார்.

"இழுங்க…"

கூடத்தில் பெரிய ஓலம். எதிரணிக்காரன் ஓங்கி உதைத்துவிட்டான் போலிருக்கிறது.

"பிடிங்க!"

"பிடிச்சுட்டான்! பிடிச்சுட்டான்டா!" என்று கூடம் அலறியது.

"அசையாதீங்க."

அலறல் கத்தரித்தாற்போல் நின்றது.

அவர் பொத்தானை அமுக்கினார். திரையில் படம் வந்தது, தெள்ளத் தெளிவாக. வெளியே ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் நெஞ்சை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, அப்படியே நின்றார்கள். கை உடைந்தவரின் உடையாத கை இடுப்பில் இருந்தது. சிஸ்டரின் பேனா தாளைத் தொடாமல் நின்றது. டிவியில் கோல்கீப்பர் பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருக்க, இருபத்திரண்டு பேரும், நடுவரும், பின்னால் இருந்த ஆயிரக்கணக்கானவர்களும் ஒரே நிலையில். கொடிகூட ஆடவில்லை. திரையின் மூலையில் 89:51. சுவர்க் கடிகாரம் மட்டும் டிக் டிக் என்று போய்க்கொண்டிருந்தது.

மூச்சுக்காரருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பேராசை. பந்து நம் ஆள் கையில். இப்படியே இருந்தால் நாம் தோற்கவே மாட்டோம். சரித்திரத்தில் முதல்முறையாக நம் அணி ஏதோ ஒன்றை உருப்படியாகப் பிடித்திருக்கிறது. தேசத்தின் மானம், ஒரு எக்ஸ்ரேக்காரரின் நாக்கு நுனியில்.

முப்பது விநாடி ஆயிற்று. நாற்பது. சிஸ்டரின் உதடு வெளுத்தது. உள்ளே தபால்காரரின் கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் திரண்டு நின்றது. ஆனாலும் அந்த மனிதர் அசையவில்லை. வாழ்நாளெல்லாம் சொன்ன முகவரியில் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவர் கண் மட்டும் கண்ணாடியைப் பார்த்துக் கெஞ்சியது. டிவியில் கோல்கீப்பரும் அதே கண்ணோடு இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூச்சுக்காரர் டிவிக்கு முதுகைக் காட்டினார். உள்ளே போய் மைக்கை அழுத்தினார்.

"விடுங்க."

கட்டடமே பெருமூச்சு விட்டது. வாசல் திரை ஒருமுறை வெளியே போய் உள்ளே வந்தது. அடுத்த கணம் கூடத்திலிருந்து ஒரே குரல்: "விட்டுட்டானே பாவி!"

நெஞ்சோடு கட்டியிருந்த பந்து நழுவி, கால் நடுவே உருண்டு, கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

தபால்காரர் இருமி முடித்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். "நல்லா பிடிச்சேனா தம்பி?"

"நீங்க நல்லாப் பிடிச்சீங்க ஐயா," என்றார் மூச்சுக்காரர்.

நின்றதைப் பற்றி யாரும் பேசவில்லை. யாருக்கும் ஞாபகமே இல்லை. எல்லாருக்கும் நெஞ்சு மட்டும் லேசாக வலித்தது, தோல்வியால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டில் மனைவியின் அண்ணன் காபிக் கோப்பையோடு காத்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"கையில இருந்த பந்து மாப்ள! எப்படிங்க போகும்? நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

மூச்சுக்காரருக்கு இரண்டு நாள் விரதத்தில் தொண்டை காய்ந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, சலிப்போடு கையை உதறினார்.

"விடுங்க மச்சான்."

கோப்பை தரையில் விழுந்து சிதறியது. கண்ணைத் திறந்தார். அண்ணனின் ஐந்து விரலும் அகல விரிந்திருந்தன. அவர் உடைந்த கோப்பையைப் பார்க்கவில்லை. தாடையைச் சற்றே தூக்கி, மூச்சுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லட்டும் என்பதுபோல.