மருமகள் அமுக்கிய பொத்தான்

நானும் என் மருமகளும் பேசிக்கொள்ளாமல் எட்டு மாதம் ஒரே எந்திரத்தில் வேலை பார்த்தோம். காரணம் மீன்குழம்பு. நான் ஆக்கி வைத்த குழம்பை, கெட்டுப்போச்சு என்று சொல்லி அவள் கோழிக்கு ஊற்றிவிட்டாள். அது கெடவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் கெடவில்லை என்றுதான் சொல்வேன்.

இரண்டாயிரமாவது வருஷம் கழிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஏர்வாடி போகிற ரோட்டில் கருவேலங்காட்டை அழித்து ஒரு கம்பெனி கட்டினார்கள். இறால் பண்ணைக் குட்டைகளில் தண்ணீரை அடித்துக் கலக்குகிற எந்திரத்துக்கு இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனி. சிக்கல் என்கிற ஊரைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அதுவரை எனக்கு மிளகாய்க் காட்டு வேலைதான்.

சட்டத்தை வெல்டிங் வைத்துப் பற்றவைப்பது மனிதர் இல்லை, ரோபோ. கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் ஓர் இரும்புக் கை. அதற்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சுழல் மேசை. அந்தப் பக்கம் கை ஒரு சட்டத்தைப் பற்றவைக்கும்போது, இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் அடுத்த சட்டத்துக்கான துண்டுகளை மாட்டிக் கிளிப்பை இறுக்குவோம். முடித்து விலகி வந்து, இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால் மேசை அரை வட்டம் சுற்றும். பொத்தான் மருமகள் பொறுப்பு. அவள் பத்தாவது படித்தவள். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள்.

மேசைக்கு முன்னால் இரண்டு கம்பம். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சக் கதிர்கள், தரையிலிருந்து தலைக்கு மேல் வரை ஏணிப்படி மாதிரி ஓடும். ஆளோ கையோ மறித்தால் கம்பத்து விளக்கில் சிவப்பு எரியும், பொத்தானை அமுக்கினாலும் மேசை அசையாது. மறித்தவர் வெளியே வந்து விலகினால்தான் பச்சை. கோயம்புத்தூரிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மூன்று நாள் இதைச் சரிபண்ணினார்.

முதல் வாரம் முழுக்கச் சிவப்புதான். எங்கள் சேலைக் கொசுவம் மறித்தது, கிளிப் போட்ட ஓலைப்பெட்டி மறித்தது. சூப்பர்வைசர் மதுரைக்காரர், வாய் கெட்டவர். "சேலையா கட்டியிருக்கீங்க, கூடாரம் போட்ருக்கீங்க" என்றார். அவர் நச்சரித்ததில் இஞ்சினியர், இடுப்புக்குக் கீழே உள்ள கதிர்களைக் கண்டுகொள்ளாதே என்று கம்ப்யூட்டரில் சொல்லிவிட்டார். பிறகு தானே போய் நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார், கையை நீட்டிப் பார்த்தார். சிவப்பு எரிந்தது. காகிதத்தில் சரி என்று எழுதிவிட்டு ஊருக்குப் போனார். அவர் குத்தவைத்துப் பார்க்கவில்லை.

நாங்கள் முப்பது நாற்பது வருஷம் மிளகாய்ச் செடிக்கு நடுவே குத்தவைத்தே நகர்ந்தவர்கள். கீழே கிடப்பதை எடுக்க எங்களுக்குக் குனிய வராது. உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போவோம். எட்டாம் மாதம் ஒரு நாள் ஒரு கிளிப் மேசைக்கு அடியில் உருண்டது. நான் குத்தவைத்து நகர்ந்து உள்ளே போனேன். மருமகள் கம்பத்துக்கு அப்பால் நின்றாள். மாட்டியிருந்த சட்டம் என்னை மறைத்தது. உள்ளே போறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளிடம் நான் முதலில் வாய் திறப்பதா என்று சொல்லவில்லை. அவள் பச்சையைப் பார்த்தாள், அமுக்கினாள்.

சட்டத்தின் கால் சுற்றி வந்து என் தோளில் அடித்தது. அவள் கையை எடுத்து, எந்திரத்தை நிறுத்துகிற சிவப்புக் குமிழைக் குத்தியதால் மேசை அங்கேயே நின்றது. இல்லையென்றால் கழுத்து.

"உள்ள என்னத்துக்குப் போனீக?" என்றாள். எட்டு மாதத்தில் அவள் என்னிடம் கேட்டது அதுதான்.

காறை எலும்பில் விரிசல் விழுந்திருந்தது. பத்தாம் நாள் கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் அறையில் டீ கொடுத்தார்கள். சூப்பர்வைசர் ஒரு காகிதத்தை நகர்த்தினார்.

"பெரியம்மா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"என்ன எழுதியிருக்கு?"

"நடந்ததுதான்."

"வாசிச்சுக்கிறேன், இருங்க."

டீ ஆடை படிந்து ஆறும் வரை வாசித்தேன். குடும்பப் பகையினால் மருமகள் பார்க்காமல் பொத்தானை அமுக்கினாள், எந்திரத்தில் குறை இல்லை என்று இருந்தது. நான் போட்டால் அவளுக்கு வேலை போகும். கதிர் இருந்தபடி இருக்கும், அடுத்து உட்காருகிறவள் தலையில் அடிக்கும்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒங்களுக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். போட்டுட்டீங்கன்னா அவ வீட்டோட கிடப்பா. ஒங்களுக்கும் நல்லதுதான?"

"அவ மேல உள்ள கோவம் என் அடுப்படியில இருக்கு. அத எடுத்து ஒங்க மேசையத் தொடைக்கக் கேக்குறீகளா?"

மேனேஜரைப் பார்த்துச் சொன்னேன். "அந்தக் கோயம்புத்தூர்த் தம்பிய வரச் சொல்லுங்க. அவருக்கு ஒண்ணு காட்டணும். காட்டாம கையெழுத்து இல்ல."

நாலு நாள் கழித்து இஞ்சினியர் வந்தார். கையைத் துணியில் தொங்கவிட்டபடி நான் போனேன். மேசைக்கு முன்னால் நின்றதும், யாரும் சொல்லாமலே மருமகள் போய் எந்திரத்தின் சாவியைத் திருகி எடுத்து முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இனி மேசை சுற்றாது, கம்ப விளக்கு மட்டும் எரிந்தது. "ஏய், சாவியைக் குடு" என்றார் சூப்பர்வைசர். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

நான் குத்தவைத்து, மிளகாய் வரிசையில் போவது மாதிரி நகர்ந்து, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். "வெளக்கப் பாருங்க தம்பி."

பச்சை.

"இப்பிடித் தவளை மாதிரிப் போனா எந்த மிஷினுக்குத் தெரியும்?" என்றார் சூப்பர்வைசர்.

"மொளகாக் காட்டுல நாங்க எல்லாரும் தவளைதான். வேன் வச்சுக் கூட்டியாரப்ப தெரியலையா?"

இஞ்சினியர் தானும் வந்து உட்கார்ந்து பார்த்தார். பேன்ட் இறுக்கத்தில் பின்னால் சாய்ந்து விழுந்தார். விளக்கு அப்போதும் பச்சைதான். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "தப்பு என்னோடது சார்" என்று மேனேஜரிடம் சொன்னார். காகிதத்தை நான் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

கீழ்க் கதிர்களை மறுபடி உயிர்ப்பித்தார். ஓலைப்பெட்டி தரையை விட்டு இடுப்புயர இரும்பு ஸ்டாண்டுக்கு ஏறியது. சேலை பறக்காமல் மேலே காக்கிக் கோட்டு. இன்னொன்றும் செய்தார். பொத்தான் இரண்டாக இருந்ததை நான்காக்கி, எனக்கு ஒரு மூலை, அவளுக்கு ஒரு மூலை என்று வைத்தார். நான்கு கையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேசை சுற்றும்.

தோள் ஆறி வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அவள் அமுக்கும்போது நான் அமுக்கவில்லை, நான் அமுக்கும்போது அவள் விட்டுவிட்டாள். மேசை நின்றபடியே நின்றது. சூப்பர்வைசர் திட்டினார். மத்தியானத்துக்கு மேல் அவள் "ம்" என்றாள். நான் அமுக்கினேன். மேசை சுற்றியது.

அதன் பிறகு நான் வேலையை விடும் வரை ஒவ்வொரு சட்டத்துக்கும் அவள் "ம்" என்பாள். சில நாள் நான் சொல்வேன். வீட்டில் அதுவும் கிடையாது. குழம்பு கெட்டுத்தான் இருந்தது என்று அவள் இன்னும் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.